கடிநாயும் அதன் சொந்தக்காரனும்

வாயில்லாச் சீவன் செய்த காயத்துக்கு நட்டஈடு கிடையாது என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவானது. அதன் உறுதியில் யாருக்கும் ஐயமில்லை. வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கம் நாய்க்கடி, மாட்டுச் சேதம் என்று பிணக்குகள் எழும்போது, இந்த ஒன்றைத்தான் நான் அதிகம் காதில் வாங்கியிருக்கிறேன். "நாய் கடிச்சதுக்கு நான் என்ன செய்ற? மார்க்கத்திலயே அதுக்குப் பொறுப்பில்ல" என்று வளவுக்காரர் சொல்வார். கடிபட்ட பிள்ளையின் வாப்பாவுக்கு மறுமொழி தெரியாது. ஐந்தாறு முறை ஆஸ்பத்திரிக்கு அலைந்து ஊசி போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். பாதியில் நிறுத்தப்பட்ட அந்த நபிமொழியின் மீதிச் சரித்திரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நபிமொழி பேசுவது, யாருடைய கவனக்குறைவும் இல்லாமல் தானாக ஓடிப்போய்ச் சேதம் செய்த பிராணியைப் பற்றியே என்று நம் இமாம்கள் விளங்கினார்கள். அப்படி விளங்கக் காரணம் இன்னொரு நபிமொழி. பராஉ இப்னு ஆஸிப் (ரழி) அவர்களின் பெண் ஒட்டகம் ஒன்று பிறருடைய தோட்டத்துக்குள் புகுந்து நாசம் செய்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை, இரவில் பிராணியைக் காப்பது அதன் சொந்தக்காரரின் கடமை, இரவுச் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்த்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூதிலும் இது இருக்கிறது. இரவில் ஆடுகள் மேய்ந்த விளைநிலம் பற்றி தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரும் தீர்ப்பளித்த செய்தி அல்அன்பியா அத்தியாயத்தில் 78ஆம் வசனத்தில் வருகிறது. வட்டைவிதானையிடம் முறைப்பாடு கொண்டுபோய்ப் பழகிய நம் மட்டக்களப்பு விவசாயிக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. 1876இன் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பட்டிக்காரனும் முல்லைக்காரனும் இந்த வழக்கைப் பேசித்தான் இருப்பார்கள்.

மாட்டுக்கு இவ்வளவு என்றால் நாய்க்கு? இங்கேதான் 'அல்கல்புல் அகூர்' என்ற சொல் வருகிறது. இஹ்ராமில் இருப்பவரும் கொல்லலாம் என்று நபியவர்கள் அனுமதித்த ஐந்தில் காகம், பருந்து, தேள், எலி ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. 'அக்ர்' என்றால் காயப்படுத்துதல். 'அகூர்' என்பது அதையே வழக்கமாகக் கொண்டது. அது எந்தச் சாதி நாய் என்று இச்சொல் கேட்கவில்லை; என்ன செய்கிற நாய் என்று கேட்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) இன்னும் விரித்தார்கள். மனிதரைத் தாக்கி அச்சுறுத்தும் சிங்கம், சிறுத்தை, ஓநாய் யாவும் இச்சொல்லுக்குள் அடங்கும் என்பது முவத்தாவில் அவர்கள் தரும் விளக்கம். வாழைச்சேனையிலிருந்து பொலன்னறுவைப் பாதையில் போனால் வரும் புணானையில் பன்னிரண்டு பேரையாவது கொன்றதாகச் சொல்லப்படும் சிறுத்தையை 1924இல் ஷெல்டன் ஏகர் என்ற வெள்ளைக்காரர் சுட்டார். மாலிக் இமாமின் கணக்கில் அதுவும் ஒரு 'கல்புல் அகூர்'தான். ஒரே வித்தியாசம், அதற்குச் சொந்தக்காரன் இருக்கவில்லை.

சொந்தக்காரன் இருந்தால் என்ன என்பதை ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (இறப்பு 1223) தமது முங்னீயில் ஒளிவு மறைவின்றி எழுதினார். கடிக்கிற நாயை வைத்திருந்து அவிழ்த்து விட்டவர், அது இரவில் கடித்தாலும் பகலில் கடித்தாலும் பொறுப்பாளி. ஆளைக் கடித்தாலும் உடுப்பைக் கிழித்தாலும் பொறுப்பாளி. அனுமதியின்றி வளவுக்குள் நுழைந்தவனைக் கடித்தால் மட்டும் பொறுப்பில்லை, ஏனெனில் வரம்பு மீறியவன் அவன். நம் ஷாபிஈ மத்ஹபில் கத்தீப் ஷிர்பீனீ (இறப்பு 1570) இன்னொரு நுணுக்கம் சேர்த்தார். அனுமதி பெற்று வந்தவருக்கு "உள்ளே கடிநாய் இருக்கு" என்று சொல்லி வைக்காவிட்டால் வீட்டுக்காரர் பொறுப்பு, சொல்லிவிட்டால் இல்லை. படலையில் தொங்கும் 'நாய் கவனம்' பலகைக்கு வயது நானூறுக்கு மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் பூனையைக்கூட விடவில்லை. கோழிக்குஞ்சைப் பிடித்துத் தின்னும் என்று பேரெடுத்த பூனையானால், அது செய்யும் சேதத்துக்கு இரவும் பகலும் சொந்தக்காரரே பொறுப்பு.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கேள்வி ஒன்றே: அவருக்குத் தெரியுமா? உஸ்மானிய அரசு 1869க்கும் 1876க்கும் இடையில் தொகுத்த மஜல்லாவின் 929ஆம் உறுப்புரை இதைச் சட்ட வாசகமாகவே ஆக்கியது. முட்டுகிற மாட்டையோ கடிக்கிற நாயையோ கட்டிவை என்று ஊரார் ஒருவர் எச்சரித்த பின்னும் அவிழ்த்து விட்டவர் சேதத்தை ஈடு செய்ய வேண்டும். எச்சரிக்க அரச அதிகாரி வரவேண்டியதில்லை. மஹல்லாவாசி ஒருவர் சொன்னாலே போதும்.

நம் நாட்டில் மஜல்லா ஒருநாளும் நடைமுறையில் இருந்ததில்லை. 1806இன் முஹம்மதியச் சட்டக்கோவை திருமணம், வாரிசுரிமை போன்றவற்றோடு நின்றுகொண்டது. நாய்க்கடி வழக்கென்று ஒரு முஸ்லிம் நீதிமன்றம் ஏறினால் அவர் சந்திப்பது உரோமன் டச்சுச் சட்டத்தை. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் விட்டுப்போன சொத்து அது. ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதைத் தொடரவிட்டார்கள். அதன் வேர் உரோமின் பன்னிரு பலகைகள் வரை போகிறது. வீட்டுப் பிராணி தன் இனத்தின் சாந்த இயல்புக்கு மாறாகத் தாக்கினால், உரிமையாளருடைய பிழையை நிரூபிக்காமலே அவரிடம் நட்டஈடு கேட்கலாம். கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தால், அல்லது உரிமையின்றி நுழைந்திருந்தால், வழக்கு நிற்காது. ஷாபிஈ, ஹன்பலீ நூல்கள் சொல்லும் விதிவிலக்கும் ஏறத்தாழ இதுவே. ஜஸ்டினியனின் 533ஆம் ஆண்டுச் சட்டநூல், பொதுவழி ஓரத்தில் வைத்திருக்கக் கூடாதவை என்று கரடி, சிங்கத்தோடு நாயையும் சேர்த்துச் சொல்கிறது.

ஆங்கிலேயர் தம் பங்குக்கு 1893இன் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டத்தையும், 1901இன் 25ஆம் இலக்க நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டத்தையும் தந்தார்கள். வருடாவருடம் நாயைப் பதிய வேண்டும் என்பது பின்னதின் சாரம். 1973இல் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்த தேசம் இது. அண்மைய ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகக் குறைந்தது தடுப்பூசியால். 2006 முதல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. நல்லது. ஆனால் கொல்லாமல் விட்டால், யாராவது பொறுப்பேற்கவும் வேண்டுமே.

இனி, இப்போது பேசப்படும் 'ஆபத்தான இன' விவகாரம். இங்கிலாந்தில் காளையோடு நாயை மோதவிடும் விளையாட்டு 1835இல் தடைசெய்யப்பட்டது. அந்த விளையாட்டு போனாலும் அதற்கென்று வளர்த்த நாயின் வம்சம் போகவில்லை. குழிக்குள் நாயும் நாயும் மோதும் மறைவு விளையாட்டுக்கு அது மாறியது. பிட்புல் என்ற பேர் அந்தக் குழியிலிருந்து வந்தது. அதே நாடு 1991இல் பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ ஆர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகிய நான்கையும் தடைசெய்தது. எக்ஸ்.எல். புல்லி என்ற ஐந்தாவதை, விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது 2024 பெப்ரவரி 1 முதல் குற்றமாயிற்று. இந்திய மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. உரியவர்களைக் கேட்காமல் செய்தது என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. அடுத்த மாதமே சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ரொட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார்.

இனப்பட்டியலில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒன்றைத் தடுத்தால் இன்னொரு கலப்பு வரும். நம் இமாம்கள் செயலைப் பார்த்துப் பேர் வைத்ததே சரியென்று படுகிறது. ஆனால் இனத்துக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லவும் நான் தயாரில்லை. மூர்க்கமானது என்று கேள்விப்பட்டு, அந்த மூர்க்கத்துக்காகவே ஒருவர் காசு கொடுத்து நாயொன்றை வாங்குகிறார். "இது கடிக்கும்னு எனக்குத் தெரியாதே" என்று அவர் எந்த வாயால் சொல்வார்? மஜல்லா கேட்ட எச்சரிக்கை, வாங்கிய அன்றே அவருக்குக் கிடைத்துவிட்டது.

நம் பகுதியில் சிக்கல் இன்னொரு வடிவத்திலும் இருக்கிறது. கடும் நஜீஸ், ஏழுமுறை கழுவ வேண்டும், ஒருமுறை மண்ணால் என்ற ஷாபிஈச் சட்டத்தில் வளர்ந்த நாம், நாய் வளர்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறோம். ஆனால் வட்டையில் பன்றிக்கும் யானைக்கும் காவல் வேண்டும்; மாட்டுப் பட்டிக்குக் காவல் வேண்டும். அதனால் நாய்க்குச் சோறு போகிறது, பேர் மட்டும் கொடுபடுவதில்லை. கடித்துவிட்டால் "அது நம்மட நாய் இல்லையே, சும்மா வந்து படுக்கிற நாய்." இந்தக் கூச்சம் தேவையில்லாதது. காரணமின்றி நாய் வைத்திருப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற நபிமொழியே, மந்தைக்கும் வேட்டைக்கும் பயிருக்கும் விலக்குத் தருகிறது. பயிர் என்ற சொல்லை அறிவிப்பவர் அபூஹுரைரா (ரழி). அதைக் கேட்ட இப்னு உமர் (ரழி), அவருக்கு விளைநிலம் இருந்தது என்று சொன்னார்களாம். சந்தேகத்தில் அல்ல, தேவை உள்ளவர் அதைக் கவனமாக மனனம் செய்திருப்பார் என்ற கருத்தில் என்று நவவீ இமாம் விளக்குகிறார்கள். வீட்டுக் காவலையும் இதோடு ஒப்பிட்டு அனுமதிப்பதே மத்ஹபில் சரியான கருத்து என்பதும் அவர்களுடைய முடிவு.

படித்த ஒருவர் என்னிடம் வேறொரு வழியாக வாதாடினார். ஷாபிஈ மத்ஹபில் நாய் சொத்தே அல்ல, அதை விற்கவும் முடியாது, ஆகவே சொந்தக்காரன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். முதல் பாதி சரி. விற்பனை செல்லாது, இருப்பது பாத்தியதை மட்டுமே. இனநாய்க்கு இலட்சக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இரண்டாம் பாதி பிழை. மின்ஹாஜ் பொறுப்பைச் சுமத்துவது பிராணியின் சொந்தக்காரர் மீது என்றல்ல, பிராணியோடு இருப்பவர் மீது. அவர் உரிமையாளரா, கூலிக்கு எடுத்தவரா, இரவல் வாங்கியவரா, அபகரித்தவரா என்பது ஒன்றும் கணக்கில்லை என்று உரைகாரர்கள் எழுதுகிறார்கள். யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி. சோறு வைத்து, இரவில் வளவில் அவிழ்த்து விட்டு, களவுக்கு வருபவனை அது கடித்தால் சந்தோஷப்படுகிற கை யாருடையதோ, ஓதப்போகும் பிள்ளையைக் கடித்த அன்றும் அது அதே கைதான்.