ஊசி வெறும் கடதாசிக்கல்ல

ஹஜ்ஜுக்குப் புறப்படும் நம்மில் சிலர் தடுப்பூசி அட்டையை விசாவுக்கான இன்னொரு கடதாசியாகவே பார்க்கிறார்கள். "அல்லாஹ் பாதுகாப்பான்" என்கிறார்கள். அதில் நமக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் வரலாற்றை ஒருமுறை பார்ப்போம்.

1865இல் மக்காவில் கொலரா பரவி ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் மௌத்தானார்கள். திரும்பிய கப்பல்களோடு நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. பின்னர் செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகளைத் தடுத்துவைத்துப் பரிசோதித்தார்கள். 1987இல் மூளைக்காய்ச்சல் ஹாஜிகளோடு பல நாடுகளுக்குச் சென்றபின் சவூதி அதற்கான ஊசியைக் கட்டாயமாக்கியது. 2000இல் அதே நோயின் வேறொரு வகை பரவியபோது, ஹஜ்ஜுக்கே போகாத வீட்டாரும் பாதிக்கப்பட்டார்கள்.

தாஊன் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம் தவக்குல் இல்லையா? வீட்டில் வயதான உம்மா, வாப்பா, சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே ஊசி போட்டுக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.