மூண்டு பின்களுக்காக ஒரு ஐபொட்டைத் திறந்தவர்கள்

2022 மே 10ஆம் திகதி, ஐபொட் வரிசையில் மிஞ்சியிருந்த கடைசிக் கருவியையும் கையிருப்பு முடியும்வரை மட்டுமே விற்கப்போவதாக அப்பிள் நிறுவனம் அறிவித்தது. இருபது வருசக் கதை அதோட முடிஞ்சுது. ஐபொட் எண்டதும் எல்லாருக்கும் ஞாபகம் வாறது வெள்ளை ஹெட்போன் வயரும் விரலால சுத்துற சக்கரமும்தான். எனக்கு முக்கியமாப் படுறது அதின்ர அடிப்பக்கத்தில இருந்த ஒடுங்கின துளை. டொக் கனெக்டர் எண்டு அதுக்குப் பேர். உள்ளுக்குள்ள 30 சின்னப் பின்கள். அதில வெறும் மூண்டு பின்களுக்காக ஒரு கூட்டம் ஆக்கள் நல்லா வேலை செய்துகொண்டிருந்த கருவியைக் கழட்டி, சொல்டர் பண்ணி, உத்தரவாதத்தையும் இழந்தவை. ஏன் அப்பிடிச் செய்தவை எண்டு கேட்டுப் பார்த்தால், நாங்கள் காசு குடுத்து வாங்கிற பொருள் எவ்வளவு தூரம் எங்கட எண்ட கேள்வியில போய் நிக்கும்.

ஆருக்கும் சொந்தமில்லாத துளை

ஹெட்போன் குத்துற துளையின் வரலாறு ஐபொட்டைவிட மிகப் பழையது. 6.35 மில்லிமீற்றர் பிளக் 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் இருந்து வந்தது. அதன் சிறிய வடிவமான 3.5 மில்லிமீற்றர் பிளக் டிரான்சிஸ்டர் ரேடியோக்களோடு பரவியது. 1979 ஜூலையில் சொனி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட முதல் வோக்மனில் இப்படியான துளைகள் இரண்டு இருந்தன. ரெண்டு பேர் ஒரே பாட்டைக் கேக்கலாம் எண்டதுக்காக.

இந்தத் துளைக்கு முதலாளி கிடையாது. எந்தக் கொம்பனியின் ஹெட்போனையும் எந்தக் கொம்பனியின் பெட்டியிலும் குத்தலாம், பாட்டுக் கேக்கும். அனுமதி கேக்கத் தேவையில்ல. 2001 ஒக்டோபரில் வந்த முதல் ஐபொட்டிலும் மேல்பக்கத்தில் இதே துளைதான் இருந்தது.

2003 ஏப்ரல் 28ஆம் திகதி அறிமுகமான மூன்றாம் தலைமுறை ஐபொட்டில் அடிப்பக்கத் துளை வந்து சேர்ந்தது. சார்ஜ் ஏத்துறது, கணினியில இருந்து பாட்டு ஏத்துறது, வெளியில இருந்து கட்டுப்படுத்துறது எல்லாம் அந்த ஒரு வாசலால நடந்தது. ஐபொட்டை நிறுத்தி வைக்கிற டொக் எண்ட சின்னத் தட்டையும் அப்பிள் விற்றது. அந்தத் தட்டின் பின்பக்கத்தில் 'லைன் அவுட்' எண்ட இன்னொரு துளை இருந்தது. விசயம் இங்கதான் தொடங்குது.

உப்புப் போட்ட கறி

ஐபொட்டின் ஹெட்போன் துளையை வீட்டுப் பெரிய செட்டில கொழுவினால் பாட்டுக் கேக்கும்தான். ஆனால் அந்தச் சத்தம் ஏற்கெனவே ஐபொட்டுக்குள்ள இருக்கிற சின்ன அம்ப்ளிபயரால கூட்டப்பட்டு வாற சத்தம். அதை வீட்டு அம்ப்ளிபயர் திரும்பவும் கூட்டும். உப்புப் போட்ட கறிக்கு ருசி பாக்காமல் இன்னொரு தரம் உப்புப் போடுறமாதிரி. முதல் அம்ப்ளிபயர் சேர்த்த இரைச்சலும் சேர்ந்து பெருசாகும்.

லைன் அவுட் வேற பாதை. டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றுகிற சிப்பில் இருந்து, ஹெட்போனுக்கான அம்ப்ளிபயரையும் வொலியூமையும் தொடாமல், நேரே வெளியில் வருகிற சமிக்ஞை அது. ஐபொட்டில இது டொக் கனெக்டரின் சில பின்களில வந்தது: இடது, வலது, நிலம். மூண்டே மூண்டு.

எந்தப் பின்னில என்ன வருது எண்ட விபரத்தை அப்பிள், ஒப்பந்தம் போட்ட துணைக்கருவிக் கொம்பனிகளுக்கு மட்டும்தான் குடுத்தது. 2005இல் 'மேட் ஃபோர் ஐபொட்' என்ற முத்திரைத் திட்டமும் வந்தது. முத்திரை வேணுமெண்டால் அப்பிளின் நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ள வேணும். ஆனால் பின்னுக்கு என்ன முத்திரை? பல்கலைக்கழகத்தில் மின்னியல் படிக்காத, இசை கேக்கிறதையே பொழுதுபோக்காக வச்சிருந்த ஆக்கள் மல்ரிமீற்றரால தொட்டுத் தொட்டு 30 பின்களுக்கும் பட்டியல் போட்டவை. பிறகு வெறும் கனெக்டரை வாங்கி, மூண்டு வயரைச் சொல்டர் பண்ணி, மற்ற முனையில ஒரு 3.5 மில்லிமீற்றர் பிளக்கைப் போட்டால் வேலை முடிஞ்சுது. அப்பிளின் தட்டே தேவையில்ல.

கருவிக்குள்ள கைவைத்தவர்கள்

இது வரைக்கும் ஆரும் ஐபொட்டைத் திறக்கேல்ல. அடுத்த கட்டம் அதுதான்.

ஏ/எல்லில பௌதிகம் படிச்ச ஆக்களுக்குக் கொள்ளளவி ஞாபகம் இருக்கும். சிப்பில் இருந்து வருகிற ஒலிச் சமிக்ஞை ஒரு நேரோட்ட வோல்ற்றளவின் மேல் ஏறி வருகிறது. அந்த நேரோட்டம் அம்ப்ளிபயருக்குள் போனால் கூடாது. அதனால் வழியில் ஒரு கொள்ளளவி வைக்கப்படுகிறது. அது நேரோட்டத்தை மறிக்கும், ஒலியை விடும். ஆனால் கொள்ளளவி சின்னதாக இருந்தால் தாழ்ந்த சுருதிகளை, அதாவது பேஸ் ஒலியை, அதுவும் கொஞ்சம் தின்னும். சட்டைப்பைக்குள் போகிற மெல்லிய கருவிக்குள் சின்னக் கொள்ளளவிதான் வைக்கலாம்.

ரெட் வைன் ஓடியோ என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் 'ஐமொட்' என்ற பெயரில் ஒரு வேலையைச் செய்தது. ஐபொட்டைத் திறந்து, உள்ளேயிருந்த கொள்ளளவிகளைத் தவிர்த்து, சிப்பில் இருந்து டொக் பின்களுக்கு நேரடியாக மெல்லிய வயர் போட்டது. கொள்ளளவியை முழுதாக இல்லாமல் செய்யேலாது. அதனால பெரிய, தரமான கொள்ளளவிகளை வெளியில, டொக் வயருக்குள்ளேயே வச்சவை. உள்ளுக்கு இடம் இல்லையெண்டால் வெளியில வைப்பம், அவ்வளவுதான் யோசனை.

இதில ஆபத்தும் இருந்தது. மாற்றம் செய்த ஐபொட்டில தெரியாமல் சாதாரண டொக் வயரைக் கொழுவினால் நேரோட்டம் நேரே அம்ப்ளிபயருக்குப் போகும். அது பழுதாகலாம். கருவிக்குள்ள கைவைக்கிறவர் அதைப் பற்றி அறிஞ்சிருக்கவும் வேணும், அதுக்குப் பொறுப்பெடுக்கவும் வேணும்.

இப்பிடி மாற்றப்பட்டவை பெரும்பாலும் வூல்ஃப்சன் நிறுவனத்தின் சிப் இருந்த பழைய ஐபொட்டுகள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்து முளைத்த நிறுவனம் அது. இந்த வேலையால பாட்டு உண்மையிலேயே எவ்வளவு நல்லாக் கேட்டது எண்டதில ஆக்களுக்கு ஒரே கருத்து இல்ல. சிலருக்கு இரவும் பகலும் மாதிரி வித்தியாசம், சிலருக்கு வெறும் மனப்பிரமை. என்னைப் பொறுத்தவரை அந்தச் சண்டையில ஆர் வெண்டாலும் பரவாயில்ல. தங்கட கருவிக்குள்ள சத்தம் எந்தப் பாதையால போகுது எண்டு அந்த ஆக்களுக்குத் தெரிஞ்சிருந்தது, அந்தப் பாதையை மாத்தவும் முடிஞ்சுது. அதுதான் பெரிய விசயம்.

இதே மனநிலை மென்பொருளிலும் இருந்தது. சுவீடனில் சில நிரலாளர்கள் தொடங்கிய ரொக்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் பிறகு ஐபொட்டுக்கும் வந்தது. அப்பிள் இடங்குடுக்காத ஃப்ளாக் கோப்புகளை அதால ஐபொட்டிலேயே கேக்க முடிஞ்சுது. பற்றரி விசயத்திலும் 2003இல் நியூயோர்க்கின் நைஸ்டாட் சகோதரர்கள் ஒரு குறும்படம் எடுத்தார்கள். ஐபொட்டின் பற்றரி 18 மாதம்தான் தாங்கும், மாற்ற முடியாது என்று அவர்கள் ஐபொட் விளம்பரச் சுவரொட்டிகளின் மேலேயே எழுதிக்கொண்டு போனார்கள்.

வாசல் சாத்தப்பட்ட விதம்

2007 செப்ரெம்பரில் வந்த ஐபொட் கிளசிக்கில் வூல்ஃப்சன் சிப் இல்லை, சேர்ரஸ் லொஜிக் சிப் வந்தது. அந்த ஆண்டுக் கருவிகளில் இருந்து, டொக் வழியாகப் படத்தை ரீவியில் காட்ட வேண்டுமெண்டால் வயருக்குள் அப்பிளின் அங்கீகாரச் சிப் ஒன்று இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. 2008இல் வாடியா என்ற நிறுவனம் டொக் வழியாக டிஜிட்டல் ஒலியையே வெளியில் எடுக்கும் தட்டை விற்றது. அது நல்ல கருவி, ஆனால் அப்பிளின் அனுமதியோடு வந்த கருவி. மல்ரிமீற்றரும் சொல்டரிங் அயனும் வச்சிருந்தவருக்கு அந்தக் கதவு திறக்கேல்ல.

2012இல் ஐபோன் 5ஓடு 30 பின் துளை போய், லைட்னிங் வந்தது. அதில் அனலொக் ஒலிக்கென்று ஒரு பின்னும் இல்லை. வயரின் தலைக்குள்ளேயே ஒரு சிப் இருந்தது. 2016இல் ஐபோன் 7இல் 3.5 மில்லிமீற்றர் துளையும் எடுக்கப்பட்டது. அதை மேடையில் அறிவித்த அப்பிள் அதிகாரி அந்த முடிவுக்குச் சொன்ன காரணம் 'துணிச்சல்'. ஆரும் எதையும் குத்தலாம் எண்டிருந்த துளையை அடைக்கிறதுக்கு என்ன துணிச்சல் வேணும் எண்டு எனக்கு விளங்கேல்ல.

நியாயமாச் சொன்னால் புது வாசலில் நன்மையும் உண்டு. லைட்னிங்கை எந்தப் பக்கமாகவும் குத்தலாம். டிஜிட்டலாக வெளியே வருகிற ஒலியை நல்ல வெளிச்சிப் ஒன்று ஐபொட்டைவிடச் சுத்தமாக மாற்றித் தரும். இழந்தது ஒலியின் தரத்தை இல்ல. மூண்டு வயரோட ஆரும் போய்த் தொடக்கூடிய இடம் ஒண்டு இல்லாமல் போச்சு.

எங்களுக்கு இதில என்ன?

ஐபொட் முடிஞ்ச அதே 2022இல, டொலர் 200 ரூபாயில இருந்து 350ஐத் தாண்டிப் போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தம். புதுப் போன் வாங்கிறது கனவு. இருக்கிறதைத் திருத்திப் பாவிக்கிறதுதான் ஒரே வழி. அந்த நேரத்தில ஒரு கருவி திறக்கக்கூடியதா, உதிரிப்பாகத்தை அது ஏற்குமா எண்டது பொழுதுபோக்குக்காரரின்ர கேள்வி இல்ல, வீட்டுச் செலவுக் கேள்வி. பணக்கார நாட்டில ஒருத்தர் பேஸ் கொஞ்சம் கூடவேணும் எண்டு திறந்த பெட்டியும், இங்க ஒருத்தர் இன்னும் ஒரு வருசம் ஓடவேணும் எண்டு திறக்கிற பெட்டியும் ஒரே பூட்டாலதான் பூட்டப்படுது.

இந்தப் பூட்டு இயற்கையானதும் இல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் பொதுச் சார்ஜர் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 இறுதியில் இருந்து அங்கே விற்கும் போன்களில் யூஎஸ்பி-சி துளை கட்டாயமானது. அதுக்கு முன்னரே, 2023இல் ஐபோன் 15ஓடு அப்பிள் லைட்னிங்கைக் கைவிட்டது. ஒரு கொம்பனி தன்ர விருப்பப்படி அமைத்த வாசலை ஒரு சட்டம் மாற்றிப்போட்டுது. துளை எப்பிடி இருக்கவேணும் எண்டது பொறியியலாளர் மட்டும் முடிவெடுக்கிற விசயம் இல்ல எண்டதுக்கு இதைவிட வேற சாட்சி தேவையில்ல.

பழைய ஐபொட்டுகளை இண்டைக்கும் ஆக்கள் தேடி வாங்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா மெமரி கார்ட் போட்டு, புதுப் பற்றரியும் போட்டுப் பாவிக்கினம். 2005இல செய்த பெட்டி இன்னும் பாடுது. அடிப்பக்கத்தில அந்த மூண்டு பின்களும் அப்பிடியே இருக்கு, ஒரு வயரும் கொஞ்ச ஈயமும் இருந்தால் காணும்.