ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் இஸ்ரேல் கொள்கை மீதான விமர்சனங்கள்

இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா (பதவிக்காலம் 1978–1989) இஸ்ரேலிடம் படைத்துறை, உளவுத்துறை உதவி பெற்றது உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

பின்னணி

சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு 1970இல் இஸ்ரேலுடனான தூதரக உறவை நிறுத்திவைத்தது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் அரச படைகளுக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் இடையே போர் மூண்டபோது மேற்குலக நாடுகள் நேரடி ஆயுத உதவிக்குத் தயங்கின. ஜெயவர்த்தனா இஸ்ரேலை நாடினார். 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு திறக்கப்பட்டது. இஸ்ரேலிய உளவு ஆலோசகர்கள் வந்தனர். கடற்படைக்கு அதிவேகப் படகுகள் வாங்கப்பட்டன. வடபுல மீனவர்கள் அவற்றை ‘டோரா’ என்றே அழைத்தனர்.

விமர்சனங்கள்

அன்றைய மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடான முஸ்லிம்கள் வீதியில் இறங்கினர். வெளியுறவு அமைச்சர் ஏ. சி. எஸ். ஹமீதே முஸ்லிம் என்பதால் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு இது தர்மசங்கடமானது. அரபு நாடுகளின் தேயிலைச் சந்தையும் வளைகுடா வேலைவாய்ப்பும் பாதிக்கப்படும் என்ற அச்சமும் எழுந்தது.

தமிழர் தரப்பின் குற்றச்சாட்டு நிலம் சார்ந்தது. 1984இல் வடகிழக்கிலுள்ள மணலாற்றின் கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்து தமிழர் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகள் குடியேற்றப்பட்டனர். எல்லையோரங்களில் ஆயுதம் தாங்கிய குடியேற்றங்களை அமைப்பது மேற்குக் கரையில் இஸ்ரேல் கையாண்ட வழி என்று தமிழர் தரப்பினர் சாடினர்.

தன் வாசலில் அயல்நாட்டு உளவாளிகள் நடமாடுவதை இந்தியா விரும்பவில்லை. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டுப் படை, உளவு ஆலோசகர்களின் பிரச்சினையும் இடம்பெற்றது.

பிற்காலம்

அடுத்த ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசா 1990இல் நலன்காப்புப் பிரிவை மூடினார். அதே ஆண்டு வெளியான நூலில், இலங்கைப் படையினருக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாட் ஒரே காலத்தில் பயிற்சி அளித்ததாக அதன் முன்னாள் உளவாளி விக்டர் ஒஸ்ட்ரோவ்ஸ்கி குற்றஞ்சாட்டினார். பிரேமதாசா விசாரணை ஆணைக்குழு அமைத்தார்.

ஆயினும் ஆயுதத் தேவை கொள்கையை வென்றது. 1996இல் இஸ்ரேலிய கிபீர் போர் விமானங்கள் இலங்கை வான்படையில் சேர்ந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. அதையடுத்து மே மாதத்தில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவை மீட்டார்.