சீட் ஒரு பக்கம், பிரேக் ஒரு பக்கம்

குன்னூர் தாண்டி பர்லியார் இறக்கம். எதிரே கொண்டை ஊசி வளைவு. அதில் பாதி திரும்பிய நிலையில் ஓர் அரசு பஸ். வலது காலை பிரேக்கில் வைத்து அழுத்தினேன். கார் நிற்கவில்லை. உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது.

எல்லாம் அரை நொடிதான். பக்கத்தில் இருந்த நண்பன் ஹேண்ட் பிரேக்கை இழுக்க, நான் காலை மாற்றி மிதிக்க, பஸ்ஸுக்கு ரெண்டு முழம் முன்னால் வந்து நின்றோம். பஸ் டிரைவர் திட்டவில்லை. என்னைப் பார்த்து தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால்கூட பரவாயில்லை என்று இருந்தது.

கார் நண்பனுடையது. ரெண்டே பேர் உட்காரக்கூடிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார், மூணாவது கை. (என்ன கார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) ஊட்டி வரை அவன் ஓட்டினான், இறக்கத்தில் நான் ஆசைப்பட்டு வாங்கினேன். சேரிங் கிராஸ் தாண்டும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஸ்டியரிங் என் நெஞ்சுக்கு நேராக இல்லை, ரெண்டு விரல்கடை இடது பக்கம் தள்ளி இருந்தது. இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஸ்போர்ட்ஸ் கார்னா இப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

பர்லியாரில் கை நடுங்க டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே நின்ற வயதான டாக்ஸி டிரைவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் காரைச் சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, உள்ள போய் நேரா உக்காருங்க. கண்ண மூடிக்கங்க. இப்ப பிரேக்க அமுக்குங்க பாக்கலாம்" என்றார். அமுக்கினேன். "கண்ணத் தொறந்து பாருங்க."

கால் ஆக்சிலேட்டரில் இருந்தது.

"நீங்க தப்பு பண்ணலீங்க தம்பி. வண்டி கோணலா இருக்குது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார். எனக்கு அந்தக் கோணல் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் போல ஆகிவிட்டது. ரெண்டு வாரம் ஆணி பிடுங்கிய நேரம் போக, மீதி நேரமெல்லாம் இதைத்தான் படித்தேன். அந்தக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. ஆரம்பகால கார்களில் வட்டமான ஸ்டியரிங்கே கிடையாது. படகுச் சுக்கான் மாதிரி ஒரு கைப்பிடிதான். 1894-ல் பாரிஸ் - ரூவான் ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்பவர் தன் பன்ஹார்ட் காரில் சக்கர வடிவ ஸ்டியரிங்கோடு வந்தார். செங்குத்தாக நின்ற அதன் தண்டை ஓட்டுபவர் பக்கம் சாய்த்து வைத்தது 1898 வாக்கில் அதே பன்ஹார்ட் கம்பெனியில் இருந்த ஆர்தர் கிரெப்ஸ். நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங் என்ற வழக்கம் அங்கே ஆரம்பிக்கிறது.

பெடல் கதை இன்னும் வேடிக்கை. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலும் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் இடது பக்கம் கியர், நடுவில் ரிவர்ஸ், வலது பக்கம் பிரேக்! ஆக்சிலேட்டரைக் கையால் இயக்க வேண்டும். இன்று நாம் பழகியிருக்கும் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் வரிசை 1916-ன் காடிலாக் காரில் வந்து, 1922-ல் வந்த ஆஸ்டின் செவன் மூலம் ஊரெல்லாம் பரவியது. 1957-ல்கூட ஃபாங்கியோ உலகப் பட்டம் வென்ற மசெராட்டி ரேஸ் காரில் ஆக்சிலேட்டர் நடுவில்தான் இருந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். டிரைவர் காரின் வலது பக்கம் உட்கார்ந்தாலும் இடது பக்கம் உட்கார்ந்தாலும் பெடல் வரிசை ஒன்றுதான். காரின் உள்பக்கம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திரும்பிவிடும். பெடல் வரிசை மட்டும் திரும்பாது.

சரி, கோணல் எப்படி வந்தது? பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அது அவ்வளவாக இல்லை. வெள்ளைக்காரர் காலத்து எம்.ஜி. டி.சி. (1945 முதல் 1949 வரை வந்தது) படத்தைப் பாருங்கள். மூக்கு நீளம். முன்சக்கரங்கள் உடம்புக்கு வெளியே தனி மட்கார்டுக்குக் கீழே நிற்கும். டிரைவர் ரொம்பப் பின்னால் இருப்பார். அவர் காலுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கார் வலது கை ஸ்டியரிங்கில் மட்டும்தான் தயாரானது, அமெரிக்காவுக்குப் போனதும் அப்படியேதான்.

நம்ம அம்பாசடரிலும் சக்கரத்தால் தொல்லை இல்லை. அதில் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உயரமாக உட்காருகிறோம். முழங்கால் மடங்கி, பாதம் கிட்டத்தட்ட முழங்காலுக்குக் கீழேயே வந்துவிடும். (முன்சீட்டில் நாலு பேரை ஏற்றி, டிரைவர் பாதி உடம்பைக் கதவுக்கு வெளியே வைத்து ஓட்டிய கோணல் தனிக்கதை. அது பயணிகள் செய்த கோணல்.)

ஸ்போர்ட்ஸ் காரில் தரையோடு தரையாக உட்காருகிறோம். கால் மடங்காமல் முன்னால் நீளும். கார் குட்டி என்றால் முன்சக்கரமும் பின்னால் தள்ளி, டிரைவரின் காலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். எஞ்சின் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற கார் என்றால் இன்னும் மோசம், ஆட்களை முன்னுக்குத் தள்ளி வைத்தால்தான் எஞ்சினுக்கு இடம் கிடைக்கும். போதாததற்கு சக்கரம் முழுசாகத் திரும்பவும் இடம் விட வேண்டும். கடைசியில் சக்கரத்தை மூடிய கூடு டிரைவரின் பாதம் இருக்க வேண்டிய இடத்துக்குள் நீட்டிக்கொண்டு வரும். பெடல்களைக் காரின் நடுப்பக்கம் நகர்த்துவதைத் தவிர வழி இல்லை.

1959-ல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினியில் இது உண்டு. 1963-ல் வந்த போர்ஷ 911-ல் உண்டு. பெரிய ஆட்கள் எல்லாரும் செய்ததுதான்.

இப்போது முன்னால் குறித்துக்கொள்ளச் சொன்னதை எடுங்கள். இடது கை ஸ்டியரிங் உள்ள காரில் சக்கரக் கூடு இடது பக்கம். பெடல்கள் வலது பக்கம் நகரும். பழக்கதோஷத்தில் பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் காலை வைத்தால் அங்கே இருப்பது கிளட்ச். வண்டி நிற்காது, ஆனால் பாயவும் பாயாது.

நம்மூர் காரில் சக்கரக் கூடு வலது பக்கம். பெடல்கள் இடது பக்கம் நகரும். பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது இருப்பது ஆக்சிலேட்டர். ஒரே கோணல்தான். ஐரோப்பாவில் அது அசௌகரியம், நமக்கு ஆபத்து. இடது கை ஸ்டியரிங்குக்காக வரைந்து முடித்துவிட்டு, பிறகு வலது பக்கம் மாற்றித் தருகிற கார்களில் இதை யோசித்துப் பார்த்திருப்பார்களா என்று எனக்கு சந்தேகம்தான்.

ஸ்டியரிங் கோணலும் இதே இடப் பிரச்சினைதான். தண்டு எஞ்சினையும் மற்றதையும் சுற்றிக்கொண்டு கீழே போக வேண்டும் என்பதால் நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு வளைப்பார்கள். ஒரே ஒரு ஜாயின்ட்டைக் கோணத்தில் போட்டால், கை ஒரே வேகத்தில் திருப்பினாலும் மறுமுனை ஒரே வேகத்தில் திரும்பாது. ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வேகமாகி ரெண்டு தடவை மெதுவாகும். ரெண்டு ஜாயின்ட்களைச் சரியான கோணத்தில் பொருத்தினால் ஒன்றின் பிழையை மற்றது சரி செய்துவிடும். (மெக்கானிக்கல் பசங்களிடம் கேளுங்கள், செமஸ்டரில் எழுதியிருப்பார்கள்.) நேர்ரோட்டில் இது தெரியாது. கொண்டை ஊசி வளைவில் முழுசாகத் திருப்பும்போது கைக்குத் தெரியும்.

பெடல் மாறி மிதிப்பது ஏதோ எனக்கு மட்டும் நடந்த முட்டாள்தனம் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1986-ல் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகவே பாய்கின்றன என்று பெரிய ரகளை ஆனது. அந்த அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து 1989-ல் சொன்ன முடிவு: ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காரில் பெடல்கள் அமைந்திருந்த விதமும் அதற்குத் துணை போயிருக்கலாம் என்று சேர்த்தே சொன்னார்கள். டாக்ஸிக்காரர் பர்லியாரில் டீ ஆறுவதற்குள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

நிற்க. நம்ம தமிழ்நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாசனையோடு தயாரான ஒரு கார் உண்டு. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட்தான் அது. வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. இதே ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி அவர் வரைந்ததுதான் 1962-ன் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்ட் வடிவமைப்பில் ரெண்டு நல்ல விஷயங்கள். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், மலைப்பாதைக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்தது, ஒரு பிடிப்பைத் தளர்த்தி ஸ்டியரிங் தண்டின் நீளத்தை ஆளுக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். மோதினால் அது உள்ளே மடங்கும், நெஞ்சில் குத்தாது. ஓட்டுகிறவன் உடம்பை யோசித்து செய்த கார் என்று தோன்றுகிறது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருஷம் ரேஸ் நடத்தியது. பணம் இருந்தவர்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களை இறக்கினார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு வாங்கிய ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் மாற்றி ஓட்டினார்கள். அதாவது பக்கத்தில் இன்னொரு ஆளுக்காக விட்ட இடத்தோடு, ஒரு ஓரமாக உட்கார்ந்து ரேஸ்.

இந்த ஓரத்திலிருந்து டிரைவரை நடுவுக்கு நகர்த்துவதுதான் கோணலுக்கு முழு மருந்து. நடுவில் உட்கார்ந்தால் சக்கரக் கூடு ரெண்டு பக்கமும் சமமாக விலகி நிற்கும். உடம்பு, ஸ்டியரிங், பெடல் மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும். ரேஸ் உலகம் இதை 1932-ன் ஆல்ஃபா ரோமியோ பி3-லேயே செய்துவிட்டது. நம்ம பசங்களுக்கு அது எட்டாத உயரத்தில் இருந்தது, ஏனென்றால் அந்த மாதிரி கார் எல்லாம் கப்பலில் வர வேண்டும்.

அதை எட்டும் உயரத்துக்குக் கொண்டு வந்தவர் நீலகிரிக்குக் கீழே, கோயம்புத்தூரில் இருந்தார். எஸ். கரிவரதன். மில் நடத்திய குடும்பம், சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர், காரைத் தானே வரைந்து செய்யவும் தெரிந்தவர். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. அதன் 796 சிசி எஞ்சினும் பாகங்களும் ஊருக்கு ஊர் கிடைக்க ஆரம்பித்தன. அந்த எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை ஆள் நடுவில் உட்காரும் காரை உருவாக்கினார். 1988-ல் அது ஃபார்முலா மாருதி ஆனது. எல்லாருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின். ஜெயிப்பது ஓட்டுகிறவன் கையில்.

நரேன் கார்த்திகேயன் இந்தியாவில் ரேஸ் ஓட்ட ஆரம்பித்தது அதில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவருக்குப் பிறகு 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன சென்னைப் பையன் கருண் சந்தோக்கும் 2000-ல் ஃபார்முலா மாருதியிலிருந்து கிளம்பியவர்தான். கரிவரதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் போய்விட்டார், நாற்பதைத் தாண்டியதும் தாண்டாததுமான வயசு. செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் ரேஸ் தடத்துக்கு அவர் பெயர்தான், கரி மோட்டார் ஸ்பீட்வே.

இதே யோசனையை ரோட்டில் ஓடும் காருக்கு 1992-ல் கொண்டு வந்தவர் கார்டன் மரே. அவருடைய மெக்லாரன் எஃப்1-ல் டிரைவர் நடுவில், பயணிகள் ரெண்டு பேர் கொஞ்சம் பின்னால் ரெண்டு பக்கமும். ஏன் நடுவில் வைத்தார் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சக்கரக் கூட்டால் பெடல் கோணலாவது. அதைப் படித்தபோது எனக்கு பர்லியார்தான் ஞாபகம் வந்தது.

நமக்கு மெக்லாரன் வாங்க வழியில்லை. நண்பன் காரைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். சீட்டை நகர்த்த இடம் இல்லை, நடுவில் கியர்பாக்ஸ் மேடு. அதனால் பிரேக் பெடல் மேல் ஒரு அலுமினியத் தகட்டைப் போல்ட் போட்டு வலது பக்கம் ஒரு அங்குலம் அகலப்படுத்தினார்கள். ஆக்சிலேட்டரை அரை அங்குலம் வலது பக்கம் தள்ளினார்கள். ரெண்டுக்கும் உயர வித்தியாசம் வைத்தார்கள், தவறி வைத்தாலும் கால் முதலில் பிரேக்கை உணரும்படி. அப்புறம் கண்ணை மூடி பத்து தடவை மிதித்துப் பார்த்தேன். பத்து தடவையும் பிரேக்.

நீங்களும் புதுக் காரோ பழைய காரோ வாங்கும்போது, எஞ்சினை ஆன் செய்வதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். நேராக உட்காருங்கள், கண்ணை மூடுங்கள், பிரேக்கை அமுக்குங்கள். கண்ணைத் திறந்தால் கால் வேறு எதிலாவது இருந்தால் தப்பு உங்களுடையது இல்லை. ஆனால் மலையில் இறங்கும்போது கஷ்டப்படப் போவது நீங்கள்தான்.

அந்த டாக்ஸிக்காரர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த தடவை ஊட்டி போகும்போது பர்லியாரில் நிறுத்த வேண்டும். டீ என் செலவு.