அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இடமாற்ற உரிமை: ஓராண்டுக் காத்திருப்பு விதியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விளையாட்டு மாணவர் ஓராண்டு களமிறங்காமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல வடிவங்களில் நிலவி, 2024இல் முடிவுக்கு வந்தது. கல்வி நலனைக் காரணமாகக் காட்டிப் பிறந்த அவ்விதி அக்காரணத்தை எவ்வாறு இழந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நீதிமன்றம் அதை வீழ்த்துவதற்கு நெடுங்காலம் முன்பே, அதை வகுத்தோரே அதன் கல்வி அடிப்படையைக் கைவிட்டுவிட்டனர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: கல்லூரி விளையாட்டு, இடமாற்றம், அமெச்சூர் கொள்கை, ஷெர்மன் சட்டம், உதவித்தொகை

நாடோடி ஆட்டக்காரர்

1896ஆம் ஆண்டு அக்டோபரில் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் ஃபீல்டிங் யோஸ்ட், பருவத்தின் நடுவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லஃபயட் கல்லூரிக்கு மாறினார். லஃபயட் அணியினர் அப்போதுதான் அவரது அணியோடு மோதி, அவரது ஆட்டத்தை நேரில் கண்டிருந்தனர். முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தொடர்ந்து வென்றுவந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அணியை லஃபயட் 6-4 என்ற கணக்கில் வீழ்த்தியபோது யோஸ்ட் களத்தில் இருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் விரைவிலேயே பழைய பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, மறு ஆண்டு அங்கேயே சட்டப் பட்டமும் பெற்றார். லஃபயட்டில் அவர் எந்தப் பாடத்தைப் பயின்றார் என்ற கேள்வி எழவே இல்லை.

இத்தகையோரை அக்கால இதழ்கள் நாடோடி ஆட்டக்காரர் என்ற பொருளில் அழைத்தன. கூலிக்கு ஆடுவோர் மாணவர் பெயரில் பதிவு செய்துகொண்டு ஊர்ஊராகத் திரிந்தனர். 1905இல் 'மெக்ளூர்ஸ்', 'காலியர்ஸ்' ஆகிய இதழ்கள் இவ்வழக்கத்தை விரிவாக வெளிக்கொணர்ந்தன. அதே ஆண்டு ஆட்டக்களத்து உயிரிழப்புகள் நாட்டை உலுக்கின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் நாடளாவிய கல்லூரி விளையாட்டு அமைப்பு ஒன்று உருவாகி, 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்னும் பெயரில் இயங்கலாயிற்று.

ஆயின் இடமாற்றத்தைப் பொறுத்தவரை முதன்மையான முடிவு எடுக்கப்பட்ட இடம் சிகாகோ. 1895இல் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் அங்குக் கூடித் தொடங்கிய மேற்கு மாநாடு, பிற்காலத்தில் 'பிக் டென்' எனப் புகழ்பெற்ற அமைப்பு, 1906இல் மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சலின் அழைப்பின்பேரில் மீண்டும் கூடிக் கடுமையான விதிகளை வகுத்தது. ஒரு கல்லூரியின் சார்பில் ஆட விரும்புவோர் அங்கு ஓராண்டு பயின்றிருக்க வேண்டும். மொத்தம் மூன்றாண்டுகளே ஆடலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது மிச்சிகன் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் அதே யோஸ்ட். அவர் அப்புதிய விதிகளை எதிர்த்தோரில் ஒருவர். மிச்சிகன் பின்னர் அவ்வமைப்பிலிருந்து விலகி, 1917இல்தான் திரும்பியது.

இங்குக் கருதத்தக்கது, 1906இன் விதி இடம் மாறியவரை மட்டும் குறிவைக்கவில்லை என்பதாகும். முதலாண்டு மாணவர் அனைவரும் அதற்கு உட்பட்டனர். புதிய இடத்தில் முதலில் மாணவராக வேரூன்ற வேண்டும், பிறகே ஆட்டக்காரராகலாம் என்பது அதன் தருக்கம். அன்றைய சூழலில் அது நேர்மையான தருக்கமே.

காரணம் விலகியது, விதி நின்றது

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சூழல் அடியோடு மாறியது. 1956இல் என்.சி.ஏ.ஏ. விளையாட்டுத் திறனுக்காகவே வழங்கப்படும் உதவித்தொகையை ஏற்றது. வால்டர் பையர்ஸ் தலைமை நிர்வாகியாக இருந்த காலத்தில் 'மாணவ ஆட்டக்காரர்' என்னும் தொடர் அமைப்பின் அலுவல் வழக்காயிற்று. காயமுற்ற ஆட்டக்காரரைத் தொழிலாளராகக் கருதி இழப்பீடு கோரும் வழக்குகளுக்கு அத்தொடர் ஒரு கேடயம் என்பதைப் பையர்ஸே பிற்காலத்தில் நூலாக எழுதினார். தாம் கட்டியெழுப்பிய அமைப்பை அவ்வளவு கடுமையாகச் சாடிய நிர்வாகிகள் அரியர்.

திருப்புமுனை 1972. அவ்வாண்டு என்.சி.ஏ.ஏ. அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் முதலாண்டு மாணவர் உடனே ஆடலாம் என அறிவித்தது. பள்ளியை விட்டு வந்த பதினெட்டு வயது இளைஞனுக்குப் புதிய சூழலில் பழக ஓராண்டு தேவையில்லை; ஆனால் ஏற்கெனவே இரண்டாண்டு கல்லூரி வாழ்க்கை கண்டவன் வேறு கல்லூரிக்குச் சென்றால் மட்டும் அந்த ஓராண்டு தேவை. இந்நிலைப்பாட்டைக் கல்வி நலனால் விளக்க இயலாது. மறு ஆண்டு, 1973இல், நான்காண்டு உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தக்க ஓராண்டு உதவித்தொகையாகச் சுருக்கப்பட்டது. பல்கலைக்கழகம் மாணவனுக்கு ஓராண்டே கட்டுப்பட்டது; மாணவனோ, ஓராண்டை இழக்க அஞ்சிய வரையில், பல்கலைக்கழகத்துக்கு முழுப் படிப்புக் காலமும் கட்டுப்பட்டான். இவ்விரு முடிவுகளையும் சேர்த்து வாசித்தால் விதியின் உண்மைப் பணி தெளிவாகிறது.

விதி எவரைக் கட்டியது என்பதும் கவனத்துக்குரியது. நீச்சல், தடகளம், டென்னிஸ் போன்ற பெரும்பாலான விளையாட்டுகளில் ஒருமுறை மாறுவோருக்கு விலக்கு இருந்தது. 2021க்கு முன் விலக்கின்றி நின்றவை ஐந்து: அமெரிக்கக் கால்பந்து, ஆடவர் கூடைப்பந்து, மகளிர் கூடைப்பந்து, பேஸ்பால், ஆடவர் பனி ஹாக்கி. வருவாயின் பெரும்பகுதியை ஈட்டித்தருவன முதலிரண்டு விளையாட்டுகள். அவற்றில் கறுப்பின மாணவர் பெரும்பங்கு வகித்தனர். நீச்சல் வீரருக்குத் தேவைப்படாத கல்விப் பாதுகாப்பு கூடைப்பந்து வீரருக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஏற்கத்தக்க விடை எதுவும் தரப்படவில்லை.

பட்டம் முடித்தோருக்குப் பிற்காலத்தில் அளிக்கப்பட்ட விலக்கு இதற்கு எதிர்ச்சான்று. ஜோ பரோ ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டில் பட்டம் பெற்று, 2018இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடினார். மறு ஆண்டு ஹைஸ்மன் விருதும் பெற்றார். கல்வியை அளவுகோலாகக் கொள்ள முடியும் என்பதை அமைப்பு அறிந்தே இருந்தது.

பயிற்சியாளர்களுக்கு இத்தகைய தடை எதுவும் இருந்ததில்லை. 2021 நவம்பரில் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவிலிருந்து தென் கலிபோர்னியாவுக்கும், பிரையன் கெல்லி நாட்ர டாமிலிருந்து லூசியானாவுக்கும் சென்றனர். கெல்லி பெற்றது குறைந்தது 9.5 கோடி டாலர் மதிப்புள்ள பத்தாண்டு ஒப்பந்தம். அவர் விட்டுச்சென்ற அணியின் பருவம் அப்போது முடிந்திருக்கவுமில்லை.

நீதிமன்றத்தில் விதி

நெடுங்காலம் நீதிமன்றங்கள் விதியின் பக்கமே நின்றன. 1984இல் தொலைக்காட்சி உரிமை பற்றிய வழக்கில் என்.சி.ஏ.ஏ. தோற்றபோதும், அமெச்சூர் மரபைப் போற்றி உச்ச நீதிமன்றம் கூறிய சில சொற்கள் பிற வழக்குகளில் அதற்கு அரணாயின. 2018இல் டெப்பி வழக்கில் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழியே சென்றது. காத்திருப்பு விதி இல்லையேல் மாணவர் தொழில்முறை ஆட்டக்காரரைப் போல ஆண்டுதோறும் கைமாறக்கூடும் என்பது அதன் கருத்தாயிருந்தது.

2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவ்வரணைத் தகர்த்தது. 1984இன் சொற்கள் வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத கருத்துரைகளே; என்.சி.ஏ.ஏ.வின் கட்டுப்பாடுகளும் ஷெர்மன் சட்டத்தின் வழக்கமான ஆய்வுக்கு உட்பட்டவையே எனத் தீர்ப்பு கூறியது. அதற்குள் விதியும் தளர்ந்திருந்தது. பழைய கல்லூரியின் அனுமதி பெற வேண்டிய முறை ஒழிந்து 2018 அக்டோபரில் இடமாற்றப் பதிவுத் தளம் வந்தது; 2021 ஏப்ரலில் எல்லா விளையாட்டுகளிலும் ஒருமுறை மாறும் உரிமை கிட்டியது. எஞ்சியது இரண்டாம் முறை மாறுவோர்மீதான தடை.

அதை எதிர்த்து 2023 டிசம்பரில் ஒஹாயோ தலைமையில் ஏழு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கு நடந்த இடம் மேற்கு வர்ஜீனியாவின் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம்: யோஸ்ட் புறப்பட்டுச் சென்று திரும்பிய அதே மாநிலம். நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி ஒரு வாரத்துக்குள் தற்காலிகத் தடையாணை பிறப்பித்தார். 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதித் துறையும் மாநிலங்களோடு சேர்ந்துகொண்டது. ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. விதியை நீக்கியது, மே மாதம் எட்டப்பட்ட உடன்பாடு அது மீண்டும் நுழையாதவாறு தடுத்தது.

எஞ்சிய கேள்வி

கட்டற்ற இடமாற்றத்தை எதிர்ப்போரின் வாதங்களுள் வலுவானது அணிப்பற்றைப் பற்றியதன்று; படிப்பைப் பற்றியது. கல்லூரி மாறும் அமெரிக்க மாணவர் தாம் ஈட்டிய பாட மதிப்புகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழக்கின்றனர் என்று கூட்டாட்சி அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. அது ஆட்டக்காரரை மட்டும் பற்றிய கணக்கன்று. ஆயினும் மூன்று, நான்கு கல்லூரிகளில் பயின்றவர் பட்டத்தை எட்டுவதன் அருமையை அது உணர்த்தும்.

எனினும் இவ்விழப்பைக் காத்திருப்பு விதி தடுத்ததில்லை. ஓராண்டு அமர்ந்திருந்தவர் இழந்த மதிப்புகளைத் திரும்பப் பெற்றதுமில்லை. அதைத் தடுக்கக்கூடியது வேறொரு விதி. இரண்டாமாண்டு முடிவில் பட்டப் படிப்பின் 40 விழுக்காடும், மூன்றாமாண்டில் 60 விழுக்காடும், நான்காமாண்டில் 80 விழுக்காடும் நிறைவுற்றிருக்க வேண்டும் என்னும் அளவுகோல் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்தது. 2024க்குப் பின் மாறுவோரும் கல்வித் தகுதியைக் காட்டியே ஆகவேண்டும். 1906இல் ஏஞ்சலின் மாநாடு கேட்ட கேள்விக்கு உரிய கருவி இதுவே. அது கடுமையாகச் செயற்படுமாயின் இடமாற்றத்துக்கு வேறு பூட்டுத் தேவையில்லை.

தொழில்முறை பேஸ்பால் வரலாறு வேறொரு குறையைச் சுட்டுகிறது. ஆட்டக்காரரை ஒரே அணியோடு பிணைத்த ஒப்பந்தப் பிரிவை எதிர்த்த கர்ட் ஃப்ளட் 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்; 1975இல் நடுவர் பீட்டர் சைட்ஸின் முடிவால் அப்பிணைப்பு அறுந்தது. அடுத்து வந்தது கட்டற்ற சுதந்திரமன்று. சங்கமும் முதலாளிகளும் பேசி, எத்தனை ஆண்டுப் பணிக்குப் பின் மாறலாம் என்பதை வரையறுத்தனர். கல்லூரி ஆட்டக்காரருக்கு அவ்வாறு பேசச் சங்கம் இல்லை. நார்த்வெஸ்டர்ன் ஆட்டக்காரரின் முயற்சியை 2015இல் தேசியத் தொழிலுறவு வாரியம் ஏற்க மறுத்தது. நீதிமன்றத்தால் விதியை நீக்க முடியும். அதன் இடத்தில் இருதரப்பும் ஒப்பிய ஏற்பாட்டை நிறுவ முடியாது.

அவ்வெற்றிடத்தில் இப்போது ஒப்பந்தங்கள் நுழைகின்றன. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் உடன்பாடு ஏற்கப்பட்டதும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரரோடு நேரடியாகப் பகிரலாம் என்றாயிற்று. அதே மாதம், ஒப்பந்தம் செய்துகொண்ட தம் ஆட்டக்காரர் ஒருவரை ஈர்த்துக்கொண்டதாகக் கூறி மயாமி பல்கலைக்கழகத்தின்மீது விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. 1895இல் சிகாகோவில் கூடிய ஏழில் விஸ்கான்சினும் ஒன்று.