கிரெயின்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டு மேசையிலேயே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதில் இறங்கும் புதியவர் முதலில் சந்திக்கும் சொல் இது. லத்தீனில் ‘கிரானும்’ என்றால் விதை, தானியம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பார்லி மணியின் எடையாக நிலைத்தது. நம் குன்றிமணி பொன்னுக்கு எடையானது போலத்தான். 1833-இல் கம்பெனி ஆட்சி தோலா என்ற எடையை வரையறுத்தபோதும் 180 கிரெயின் என்றே கணக்கிட்டது.

இன்றைய கணக்கில் ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7000. ஈயக்குண்டு, வெடிமருந்து இரண்டையும் இதிலேயே நிறுப்பார்கள். 9 மி.மீ. தோட்டாவின் குண்டு பெரும்பாலும் 115 அல்லது 124 கிரெயின். மருந்தோ சில கிரெயின்தான்.

வம்பு இங்கேதான். கிரெயினைக் கிராம் என்று எண்ணினால் மருந்து பதினைந்து மடங்குக்கு மேல் போகும். அந்த அளவு தோட்டாக் கூட்டில் வழிந்துவிடும் என்பதால் தவறு கண்ணில் படும். மருந்துத் துகளையும் கிரெயின் என்று எண்ணுவோர் உண்டு. அளவு எடையைத்தான் குறிக்கும், துகள்களின் எண்ணிக்கையை அல்ல. உண்மையில் பயப்பட வேண்டியது இரட்டை நிரப்பலுக்கு. சில மருந்துகள் இருமுறை கொட்டினாலும் கூட்டுக்குள் அடங்கிவிடும். சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம். ஆகவே அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, தராசைச் சோதனை எடைக்கல்லால் சரிபார்த்து, குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பார்கள்.