ஒரு ஃபோம் வளையத்தின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. அந்தத் தப்பைச் செஞ்சது நான்தான்.

அப்போ பாஸ்டனில் படிச்சுக்கிட்டிருந்தேன். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 10 டிகிரி. ஒருத்தர் வீட்டு கராஜில் பல வருஷமாகக் கிடந்த 1970-கள் காலத்து ஸ்பீக்கர் ஜோடி சல்லிசா கிடைச்சது. ரூமுக்குத் தூக்கிட்டு வந்து, ஜாக்கெட்டைக்கூடக் கழட்டாம ஒயரை மாட்டி வால்யூமை ஏத்தினேன். ரெண்டே பாட்டு. ஒரு பக்கம் கரகரன்னு சத்தம். முன்னாடி இருந்த துணி மூடியை எடுத்துப் பார்த்தால், வூஃபரின் பேப்பர் கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் கிழிஞ்சு தொங்குது. விரல் பட்டதும் மாவா உதிருது.

கிழிச்சது குளிரா, வயசா? பதில் தெரிய 100 வருஷம் பின்னால போகணும்.

1925-ல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற ரெண்டு பேர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். காந்தப் புலத்துக்குள் ஒரு காயில் அசையும். அது பேப்பர் கோனைத் தள்ளும். கோன் காற்றைத் தள்ளும். இன்னைக்கும் நம்ம வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை இதே முறைதான்.

ஆனா ஒரு சிக்கல். ஆழமான பேஸ் வேணும்னா கோன் நிறைய முன்னும் பின்னும் போகணும், போன இடத்திலிருந்து திரும்பியும் வரணும். திருப்பி இழுக்கும் வேலையை அதன் விளிம்பும் மற்ற தாங்கிகளும் செய்தன. அதனால் அவை விறைப்பாக இருந்தன. பேஸுக்கு பீரோ சைஸ் பெட்டி தேவைப்பட்டது.

1954-ல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார்கள். வில்ச்சரின் யோசனை எளிமையானது: பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிடு, உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்கா வேலை செய்யும். விளிம்பு தொளதொளன்னு இருந்தாலே போதும். புத்தக அலமாரியில் வைக்கிற பெட்டியிலிருந்து பெரிய பேஸ் வந்தது.

அந்த மென்மையான விளிம்பை முதலில் பதப்படுத்திய துணியில் செய்தார்கள். 1970-ஐ ஒட்டி பல கம்பெனிகள் பாலியூரிதேன் ஃபோமுக்கு மாறின. லேசானது, மிருதுவானது. ஆனா காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கும். வெயிலும் ஓசோனும் அதை வேகப்படுத்தும். 10, 20 வருஷத்தில், பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் உதிர ஆரம்பிக்கும்.

ஆக, என் வளையம் ஏற்கெனவே உயிரை விட்டிருந்தது. மிச்சமிருந்ததைக் குளிர் விறைப்பாக்கியது. கடைசியா தள்ளிவிட்டது நான்.

நல்ல ரப்பரோ ஃபோமோ, குளிரில் விறைக்கத்தான் செய்யும். பேஸ் மெலிஞ்சு கேட்கும். சூடானதும் சரியாகிடும். அதனால் குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்தால் பிளாஸ்டிக் உறையில் சுற்றியபடியே ஒரு ராத்திரி விட்டுடுங்க. இல்லைன்னா, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி காந்தத்தின் மேலயும் வேர்க்கும். முதல் பாட்டை மெதுவா வைங்க. ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம். பெட்டியின் மரம் வறண்டு வெடிக்கும்.

சென்னையில் இருக்கறவங்களுக்குக் குளிர் பயம் இல்லை, ஈரம்தான் எதிரி. ஜன்னல் வெயிலும் கடல்காற்றும் நேரா படாத இடத்தில் வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மூடியை எடுத்து, ஃபோம் விளிம்பை லேசா தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டினாலோ உதிர்ந்தாலோ பாட்டை நிறுத்திடுங்க.

தூக்கி மட்டும் போடாதீங்க. என் ஸ்பீக்கரில் காந்தம், காயில், கோன் எல்லாமே நல்லாத்தான் இருந்தது. அளவு பார்த்து புது ஃபோம் வளையம் வாங்கி, பழைய பசையைச் சுரண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். செத்தது ஒரு வளையம்தான். அதுக்காக ஸ்பீக்கரையே குப்பைக்கு அனுப்பப் பார்த்தேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.